உமுகாண்டா

இக்கட்டுரை ருவாண்டா நாட்டின் பொதுப்பணி வழக்கம் பற்றியது. உகாண்டா நாட்டுடன் குழப்பிக் கொள்ள வேண்டாம்.

உமுகாண்டா என்பது ஆப்பிரிக்க நாடான ருவாண்டாவில் ஒவ்வொரு மாதமும் கடைசிச் சனிக்கிழமையன்று நடைபெறும் பொதுப்பணி ஆகும். அன்று காலை 8 மணி முதல் 11 மணி வரை மக்கள் தத்தம் குடியிருப்புப் பகுதியில் கூடித் தெருக் குப்பைகளைப் பொறுக்குதல், வடிகால்களைத் தூர்வாருதல், புதர்களை வெட்டுதல், மரம் நடுதல் போன்ற வேலைகளைச் செய்கின்றனர். வேலை முடிந்த பின்னர் அதே இடத்தில் ஊர்க்கூட்டம் நடைபெறுகிறது. 18 வயது முதல் 65 வயது வரையுள்ள, உடல் நலமுள்ள அனைவரும் இதில் பங்கேற்க வேண்டும் என்பது சட்டம்.

1994 ஆம் ஆண்டு நடந்த இனப்படுகொலைக்குப் பின்னர், கொலையில் ஈடுபட்டவர்களும் உயிர் தப்பியவர்களும் ஒரே தெருவில் வாழ வேண்டிய நிலை ஏற்பட்டது. அவர்களை ஒரே வேலையில் இணைக்கும் வழிகளுள் ஒன்றாக உமுகாண்டாவை ருவாண்டா அரசு முன்வைக்கிறது. எனினும் இதே பெயரும் இதே அமைப்பும் 1994 இல் கொலைக்கு ஆள் திரட்டவும் பயன்பட்டன. குடியிருப்புத் தூய்மைப்பணி வெவ்வேறு சமூகங்களை ஒன்று சேர்க்குமா என்ற கேள்வியை ஆராய்பவர்கள் ருவாண்டாவைத் தவிர்க்க முடியாததற்கு இதுவே காரணம்.

பெயர்

கின்யருவாண்டா மொழியில் உமுகாண்டா என்ற சொல் முதலில் வீடு கட்டப் பயன்படும் மரக்கழியைக் குறித்தது. பழைய வட்ட வடிவ வீடுகள் இத்தகைய பல கழிகளை நட்டுப் பிணைத்து எழுப்பப்பட்டன. வீடு கட்டுபவருக்கு அக்கம்பக்கத்தார் வந்து உதவுவது வழக்கமாதலால், நாளடைவில் அச்சொல் பலர் கூடிச் செய்யும் வேலையைக் குறிக்கலாயிற்று. பொது நோக்கம் ஒன்றுக்காக ஒன்றுகூடுதல் என்று அரசு வெளியீடுகள் இதற்கு விளக்கம் தருகின்றன.

இலங்கைத் தமிழர்கள் நன்கறிந்த சிரமதானம் என்ற சொல் பொருளில் இதற்கு நெருங்கியது. ஆயினும் சிரமதானம் என்பது உழைப்பைத் தானமாகத் தருவது. உமுகாண்டாவோ சட்டத்தின் கட்டாயம் உடையது. ஆகவே இக்கட்டுரையில் மூலப்பெயரே கையாளப்படுகிறது.

தொடக்கம்

ருவாண்டா மலைகளும் குன்றுகளும் நிறைந்த சிறிய நாடு. பரப்பளவு 26,338 சதுர கிலோமீட்டர். 2022 ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி மக்கள்தொகை ஏறத்தாழ 1 கோடியே 32 இலட்சம். ஹூட்டு, டுட்சி, ட்வா என்னும் மூன்று பிரிவினரும் ஒரே மொழியைப் பேசி, ஒரே குன்றுகளில் கலந்து வாழ்ந்து வந்தனர். ஹூட்டுக்களுக்கும் டுட்சிகளுக்கும் தனித்தனி ஊர்கள் இருந்ததில்லை. 1994 க்கு முன்னர் ஹூட்டுக்கள் ஏறத்தாழ 85 விழுக்காடும் டுட்சிகள் 14 விழுக்காடும் ட்வாக்கள் 1 விழுக்காடும் இருந்ததாகப் பொதுவாகக் கூறப்படுகிறது.

வீடு கட்டவும், நோயுற்றவரின் நிலத்தை உழுது விதைக்கவும் அயலார் கூடுவது பழைய மரபு. இவ்வேலைக்குக் கூலி இல்லை. உதவி பெறுபவர் தினை வகை மதுவோ வாழைப்பழ மதுவோ கொடுத்து உபசரிப்பார்.

இதற்கு நேர்மாறான மற்றொரு மரபும் இருந்தது. 19 ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், அரசர் ருவாபுகிரியின் காலத்தில், உபுரெட்வா என்னும் கட்டாய உழைப்பு பரவியது. நிலத்தைப் பயன்படுத்தும் உரிமைக்கு ஈடாகத் தலைவரிடம் கூலியின்றி உழைக்க வேண்டும் என்ற இச்சுமை பெரும்பாலும் ஹூட்டுக்கள் மேல் விழுந்தது. பின்னர் வந்த பெல்ஜிய ஆட்சி இதனை மேலும் இறுக்கி, சாலை அமைத்தல் முதலிய வேலைகளுக்கும் மக்களைக் கட்டாயப்படுத்தியது. 1930களில் ஒவ்வொருவரின் இனத்தையும் குறிக்கும் அடையாள அட்டையைக் கொண்டுவந்ததும் அவ்வாட்சியே. அக்கம்பக்கத்தாரின் உதவி, மேலிருந்து வரும் கட்டாயம் ஆகிய இரு இழைகளும் பிற்கால உமுகாண்டாவில் சேர்ந்தே காணப்படுகின்றன. அரசு வெளியீடுகள் முதல் இழையையும் விமர்சகர்கள் இரண்டாம் இழையையும் மட்டும் நினைவுகூர்வது வழக்கமாகிவிட்டது.

ஹபியரிமானா ஆட்சிக்காலம்

1962 ஆம் ஆண்டு ருவாண்டா விடுதலை பெற்றது. 1973 இல் இராணுவப் புரட்சி மூலம் ஆட்சிக்கு வந்த ஜுவெனால் ஹபியரிமானா, பெப்ரவரி 2, 1974 அன்று உமுகாண்டாவை அரசுத் திட்டமாக அறிவித்தார். அதன்படி குடிமக்கள் வாரத்தில் அரைநாள் கூலியின்றிப் பொதுவேலை செய்ய வேண்டியிருந்தது. மண்ணரிப்பைத் தடுக்கும் பள்ளங்கள் வெட்டுதல், மரம் நடுதல், சாலைகளைச் செப்பனிடுதல், பள்ளி கட்டுதல் ஆகியன முக்கிய வேலைகள். சரிவான நிலத்தில் பயிர் செய்யும் நாட்டில் மண்ணரிப்புத் தடுப்பு உண்மையிலேயே தேவையான ஒன்று. அக்காலத்தில் இத்திட்டத்தை வெளிநாட்டு உதவி நிறுவனங்கள் பலவும் பாராட்டின.

1975 இல் ஹபியரிமானா தொடங்கிய ஒற்றைக் கட்சியில் குடிமக்கள் அனைவரும் பிறப்பிலேயே உறுப்பினர்கள் எனக் கருதப்பட்டனர். உமுகாண்டாவில் யாரை எங்கு அனுப்புவது, எதைச் செய்விப்பது என்பதை உள்ளூர் அதிகாரிகள் தீர்மானித்தனர். வராதவர்களுக்குத் தண்டம் விதிக்கப்பட்டது. இவ்வாறு ஒவ்வொரு குன்றிலும் யார் வருகிறார், யார் வரவில்லை, யார் யாருடன் பழகுகிறார் என்பதெல்லாம் அரசுக்குத் தெரிந்தன. விவசாயிகளின் உழைப்பைக் கட்டுப்படுத்துவதே இத்திட்டத்தின் உண்மையான பயன் என்று பெல்ஜியப் பொருளியலாளர் பிலிப் வெர்விம்ப் வாதிடுகிறார்.

1980களின் இறுதியில் காப்பி விலை வீழ்ந்து, 1990 அக்டோபரில் உள்நாட்டுப் போர் தொடங்கி, 1991 இல் பல கட்சி முறை வந்தபோது உமுகாண்டா தளர்ச்சியுற்றது. சில பகுதிகளில் மக்கள் வெளிப்படையாகவே வர மறுத்தனர். ஆனால் ஆள் திரட்டும் அமைப்பு மறைந்துவிடவில்லை.

1994 இல் உமுகாண்டா

ஏப்ரல் 6, 1994 அன்று ஹபியரிமானா சென்ற வானூர்தி சுட்டு வீழ்த்தப்பட்டது. அதனையடுத்து ஏறத்தாழ நூறு நாட்களில் டுட்சிகளும், கொலையை எதிர்த்த ஹூட்டுக்களும் கொல்லப்பட்டனர். கொல்லப்பட்டோர் தொகை 5 இலட்சம் முதல் 10 இலட்சத்துக்கு மேல் வரை பலவாறாக மதிப்பிடப்படுகிறது.

கொலைக்கு அழைத்தவர்கள் பயன்படுத்திய சொற்கள் பொதுப்பணியின் சொற்களே. கொலை செய்வது வேலை எனப்பட்டது. வானொலி அறிவிப்பாளர்கள் வேலைக்குப் போங்கள் என்றனர். தேடி வெளியேற்றுவது புதர் வெட்டுதல் எனவும், பெண்களையும் குழந்தைகளையும் கொல்வது களையை வேரோடு பிடுங்குதல் எனவும் வழங்கின. உமுகாண்டாவுக்கு அழைத்த அதே உள்ளூர் அதிகாரிகளே இதற்கும் அழைத்தனர். மக்கள் கொண்டுவந்தவையும் புதர் வெட்டும் அதே நீண்ட கத்திகளும் மண்வெட்டிகளும் ஆகும். இவ்விவரங்களை மனித உரிமைகள் கண்காணிப்பகத்திற்காக அலிசன் டெஸ் போர்ஜஸ் எழுதி 1999 இல் வெளிவந்த விரிவான அறிக்கை ஆவணப்படுத்தியுள்ளது.

மழைச் சனிக்கிழமைகள் பற்றிய ஆய்வு

உமுகாண்டாவுக்கும் படுகொலைக்கும் உள்ள தொடர்பு சொற்களோடு நின்றதா, அல்லது கூட்டங்கள் உண்மையிலேயே கொலையாளிகளை உருவாக்கினவா என்பது நெடுநாள் விவாதிக்கப்பட்டது. எவெலினா போன்னியர், யோனாஸ் பௌல்சன், தோர்ஸ்டன் ரோகால், மிரி ஸ்ட்ரையன் ஆகிய நான்கு பொருளியலாளர்கள் இதற்கு எளிய வழியொன்றைக் கண்டனர். அவர்களது ஆய்வு 2020 ஆம் ஆண்டு வெளிவந்தது.

படுகொலைக்கு முந்தைய ஆண்டுகளில் உமுகாண்டா சனிக்கிழமைகளில் நடைபெற்றது. கனமழை பெய்தால் வேலையும் நடக்காது, கூட்டமும் நடக்காது. எந்தச் சனிக்கிழமை எந்த ஊரில் மழை பெய்யும் என்பதை அரசியல் தீர்மானிப்பதில்லை. ஆகவே சனிக்கிழமை மழை அதிகம் பெய்த ஊர்களையும் குறைவாகப் பெய்த ஊர்களையும் ஒப்பிட்டால் கூட்டங்களின் விளைவைத் தனியே பிரித்தறியலாம். ஓர் ஊரில் ஒரு சனிக்கிழமை கூடுதலாக மழை பெய்திருந்தால், அவ்வூரில் படுகொலையில் ஈடுபட்ட பொதுமக்களின் விகிதம் ஏறத்தாழ 5 விழுக்காடு குறைந்திருந்தது. மற்ற நாட்களில் பெய்த மழைக்கு இத்தகைய விளைவு இல்லை.

ஆய்வின் மற்றொரு முடிவு இதனினும் கவனிக்கத்தக்கது. டுட்சிகளுக்கு ஆதரவான எதிர்க்கட்சியின் நிர்வாகத்தில் இருந்த சில ஊர்களில் முடிவு தலைகீழாக இருந்தது. அங்கே கூட்டங்கள் நடந்த அளவுக்குக் கொலையில் ஈடுபாடு குறைந்தது. வேலை ஒன்றே. சேர்ந்து குனிந்து மண் அள்ளுவது மட்டுமே அயலாரை நண்பராக்கிவிடும் என்ற பொதுவான நம்பிக்கைக்கு இவ்வாய்வு இடமளிக்கவில்லை. கூட்டத்தை யார் அழைக்கிறார், வேலை முடிந்தபின் என்ன பேசப்படுகிறது என்பனவே விளைவைத் தீர்மானித்தன.

மீண்டும் தொடங்குதல்

1994 சூலையில் ருவாண்டா தேசபக்த முன்னணி நாட்டைக் கைப்பற்றியபோது நகரங்களின் தெருக்கள் உடல்களாலும் இடிபாடுகளாலும் நிறைந்திருந்தன. அடுத்த சில ஆண்டுகளில் குடியிருப்புகளில் வந்து சேர்ந்தவர்களின் கலவை வேறெங்கும் காண்பதற்கு அரியது. குடும்பத்தை இழந்து தப்பியவர்கள் ஒருபுறம். 1959 முதல் உகாண்டா, புருண்டி, தான்சானியா, சயீர் ஆகிய நாடுகளில் ஏதிலிகளாக வாழ்ந்து, பலர் பிறந்த மண்ணையே காணாமல் வளர்ந்து, இப்போது திரும்பிய டுட்சிகள் மறுபுறம். இவர்களுள் ஆங்கிலம் பேசுவோர், பிரெஞ்சு பேசுவோர், சுவாகிலி பேசுவோர் எனப் பலர். 1996 இறுதியில் சயீரிலிருந்து இலட்சக்கணக்கான ஹூட்டு ஏதிலிகள் திரும்பினர். சிறைகளில் ஒரு காலத்தில் 1,20,000 பேர் வரை அடைக்கப்பட்டிருந்தனர். 2003 ஆம் ஆண்டு முதல் அவர்களில் பல்லாயிரம் பேர் படிப்படியாக விடுவிக்கப்பட்டுச் சொந்த ஊர் சேர்ந்தனர். ஏறத்தாழ 12,000 ககாசா ஊர் நீதிமன்றங்கள் 2012 வரை வழக்குகளை விசாரித்தன.

இச்சூழலில் 1998 ஆம் ஆண்டு உமுகாண்டா மீண்டும் தொடங்கப்பட்டது. முன்பு வாரந்தோறும் நடந்தது இப்போது மாதம் ஒருமுறை ஆயிற்று. பெயரை மாற்றாமல் வைத்துக்கொண்டது ஏன் என்ற கேள்வி இயல்பாக எழும். உமுகாண்டா ருவாண்டாவின் பழைய மரபு என்றும், முந்தைய ஆட்சி அதனைக் கெடுத்தது என்றும், கெட்டதை மீட்பதே நோக்கம் என்றும் அரசு விளக்குகிறது. ககாசா, ஊருக்குள் வறுமைநிலையைக் கணக்கிடும் உபுதேஹே, அலுவலர்கள் உறுதிமொழி அளிக்கும் இமிஹிகோ போன்றவையும் இதே போலப் பழம்பெயர் சூடிய புதிய திட்டங்களே.

நவம்பர் 17, 2007 அன்று இயற்றப்பட்ட 53/2007 எண்ணுள்ள சட்டம் உமுகாண்டாவுக்குச் சட்ட வடிவம் தந்தது. 2009 ஆகத்து மாதம் பிரதமரின் ஆணை ஒன்று நடைமுறை விதிகளை வகுத்தது. காரணமின்றி வராதவர்களுக்கு 5,000 ருவாண்டா பிராங்க் வரை தண்டம் விதிக்க வழி செய்யப்பட்டது. நாட்கூலி பெறும் ஏழைக்கு இது சிறு தொகையன்று. கிகாலியில் வசதியாக வாழ்பவருக்கோ பொருட்டன்று.

நடைமுறை

ருவாண்டாவின் நிர்வாகம் மாகாணம், மாவட்டம், வட்டம், பிரிவு, ஊர் எனக் கீழ்நோக்கிப் பிரிகிறது. வட்டங்கள் 416, பிரிவுகள் 2,148. எல்லாவற்றிலும் சிறியதான ஊர், கின்யருவாண்டாவில் உமுதுகுது எனப்படும். பொதுவாக நூறு முதல் இருநூறு வீடுகள் வரை கொண்டது. நகரில் இது சில தெருக்களுக்குச் சமம். உமுகாண்டா பெரும்பாலும் இந்த அளவிலேயே நடைபெறுவதால், வருபவர்கள் ஒருவரையொருவர் முகம் அறிந்தவர்கள்.

சனிக்கிழமை காலை கடைகள் மூடப்படுகின்றன. பேருந்துகள் ஓடுவதில்லை. காவலர்கள் சாலையில் வரும் வண்டிகளை நிறுத்தி விசாரிப்பதும், தக்க காரணம் இல்லாதவர்களை அருகிலுள்ள வேலையில் சேரச் சொல்வதும் உண்டு. மருத்துவமனைக்கோ வானூர்தி நிலையத்துக்கோ செல்பவர்களுக்குத் தடை இல்லை. சனிக்கிழமையை ஓய்வுநாளாகக் கொள்ளும் ஏழாம் நாள் அட்வெண்டிஸ்டு திருச்சபையினர் ஞாயிற்றுக்கிழமையில் தமது பங்கைச் செய்ய அனுமதிக்கப்படுகின்றனர்.

என்ன வேலை செய்வது என்பதை ஊர்த் தலைவரும் குழுவினரும் முன்கூட்டியே அறிவிக்கின்றனர். நகரப் பகுதிகளில் தூய்மைப்பணியே முதலிடம் பெறுகிறது. தெருவோரக் குப்பை, வடிகாலில் தேங்கிய மண், கொசு பெருகும் புதர், மழைநீர் அரித்த மண்பாதை ஆகியன வழக்கமான வேலைகள். வீட்டுக்கு ஒருவர் துடைப்பமோ மண்வெட்டியோ புல் வெட்டும் கத்தியோ கொண்டுவருவர். கிராமங்களில் மரம் நடுதல், மண்ணரிப்புப் பள்ளம் வெட்டுதல், வகுப்பறை கட்டுதல், ஆதரவற்ற முதியோருக்கும் படுகொலையில் கணவரை இழந்தோருக்கும் வீடு கட்டித் தருதல் ஆகியன சேர்கின்றன. குடியரசுத் தலைவர் பால் ககாமேயும் அமைச்சர்களும் ஏதேனும் ஓர் இடத்தில் மண்வெட்டியுடன் காணப்படுவது வழக்கம். அயல்நாட்டவர்கள் கட்டாயப்படுத்தப்படுவதில்லை எனினும் பலர் விரும்பிச் சேருகின்றனர்.

வேலைக்குப் பின் நடைபெறும் கூட்டம் வேலையைவிட முக்கியமானது எனலாம். மருத்துவக் காப்பீட்டுச் சந்தா, பள்ளிக்கு வராத பிள்ளைகள், திருட்டு, எல்லைத் தகராறு, அரசின் புதிய அறிவிப்பு முதலியன பேசப்படுகின்றன. புதிதாகக் குடிவந்தவர்கள் இக்கூட்டத்தில் தம்மை அறிமுகப்படுத்திக் கொள்கின்றனர். கிகாலி நகரின் மக்கள்தொகை 2022 இல் 17 இலட்சத்தைத் தாண்டியிருந்தது. அவர்களுள் பெரும்பாலோர் 1994 க்குப் பின்னர் வந்து சேர்ந்தவர்கள் அல்லது பிறந்தவர்கள். மதில் சுவருக்குப் பின்னால் வாழும் நகரத்தவர் எதிர்வீட்டாரின் பெயரை அறிய இதுவே மாதம் ஒருமுறை கிடைக்கும் வாய்ப்பு.

கொரோனாத் தொற்றுக் காலத்தில் 2020 இல் உமுகாண்டா நிறுத்திவைக்கப்பட்டு, பின்னர் மீண்டும் தொடங்கப்பட்டது.

கிகாலியின் தூய்மை

கிகாலி ஆப்பிரிக்காவின் தூய்மையான நகரங்களுள் ஒன்றாகக் குறிப்பிடப்படுகிறது. 2008 ஆம் ஆண்டு ஐக்கிய நாடுகள் மனிதக் குடியிருப்புத் திட்டத்தின் விருது அந்நகருக்கு வழங்கப்பட்டது. சுற்றுலா எழுத்தாளர்கள் இப்பெருமை முழுவதையும் உமுகாண்டாவுக்கே அளிப்பதைப் பார்க்கலாம். இது சரியன்று. மாதம் மூன்று மணி நேர வேலையால் எந்த நகரமும் தூய்மையாக இருந்துவிடாது.

அன்றாடம் விடியுமுன் கிகாலியின் சாலைகளைப் பெருக்குபவர்கள் கூலி பெறும் தொழிலாளர்கள். அவர்களுள் பெரும்பாலோர் பெண்கள். வீட்டுக் குப்பையைக் கட்டணம் பெற்று நிறுவனங்களும் கூட்டுறவுச் சங்கங்களும் அகற்றுகின்றன. 2012 முதல் அக்குப்பை நகருக்கு வெளியே உள்ள ந்துபா கிடங்கில் கொட்டப்பட்டு வந்தது. கிடங்கின் நாற்றமும் கழிவுநீரும் அங்குள்ள குடியிருப்பாளர்களுக்குத் தொல்லையாக இருந்தன. தூய்மையான நடுநகரைப் பற்றிய புகைப்படங்களில் இவ்விடம் இடம்பெறுவதில்லை.

மற்றொரு காரணம் நெகிழிப் பைகளின் தடை. செப்டம்பர் 2008 இல் இயற்றப்பட்ட சட்டம் நெகிழிப் பைகளைத் தயாரிப்பதையும் இறக்குமதி செய்வதையும் விற்பதையும் பயன்படுத்துவதையும் தடை செய்தது. 2019 இல் ஒருமுறை மட்டும் பயன்படுத்தப்படும் பிற நெகிழிப் பொருட்களுக்கும் தடை விரிந்தது. வானூர்தி நிலையத்திலும் எல்லைச் சாவடிகளிலும் பயணிகளின் பைகள் சோதிக்கப்பட்டு நெகிழிப் பைகள் பறிமுதல் செய்யப்படுவதுண்டு. வடிகாலை அடைக்கும் பொருள் நாட்டுக்குள்ளேயே குறைந்துவிட்டபின், வடிகாலைத் தூர்வாருபவரின் வேலையும் எளிதாகிவிடுகிறது. பொறுக்கும் கைகளை மட்டும் நம்பித் தூய்மை இயக்கம் நடத்தும் பிற நகரங்கள் கருத்தில் கொள்ள வேண்டிய வேறுபாடு இது.

2007 முதல் உமுகாண்டாவில் செய்யப்பட்ட வேலையின் மதிப்பு 6 கோடி அமெரிக்க டாலருக்கு மேல் என அரசு மதிப்பிட்டது. கூலி கொடுத்துச் செய்திருந்தால் ஆகியிருக்கக்கூடிய செலவைக் கணக்கிட்டு இத்தகைய தொகைகள் கூறப்படுகின்றன. மூன்று மணி நேரம் வேலை இழந்த நாட்கூலிக்காரரின் இழப்பு இக்கணக்கில் கழிக்கப்படுவதில்லை.

நல்லிணக்கமும் விமர்சனங்களும்

இன்றைய ருவாண்டாவின் அடையாள அட்டையில் இனப் பெயர் இல்லை. 2001 இல் பிரிவினைப் பேச்சுக்கு எதிராகவும் 2008 இல் இனப்படுகொலைக் கருத்தியலுக்கு எதிராகவும் சட்டங்கள் இயற்றப்பட்டன. இதனால் உமுகாண்டாக் கூட்டத்தில் யார் எந்தப் பிரிவினர் என்பது அனைவருக்கும் தெரிந்திருக்கும். ஆனால் யாரும் சொல்வதில்லை. முன்பு காட்டில் வேட்டையாடியும் மண்பாண்டம் செய்தும் வாழ்ந்த ட்வா மக்கள் கூட, அரசு ஆவணங்களில் வரலாற்றில் பின்தள்ளப்பட்டோர் என்ற தொடராலேயே சுட்டப்படுகின்றனர்.

1999 இல் நிறுவப்பட்ட தேசிய ஒற்றுமை மற்றும் நல்லிணக்க ஆணைக்குழு நாடு தழுவிய கருத்தாய்வுகளை நடத்தியது. அதன்படி நல்லிணக்க அளவு 2010 இல் 82.3 விழுக்காடாகவும், 2015 இல் 92.5 விழுக்காடாகவும், 2020 இல் 94.7 விழுக்காடாகவும் இருந்தது. அரசு ஆணைக்குழுவின் கேள்விக்கு, இனத்தைப் பற்றிப் பேசுவதே குற்றமாகக்கூடிய நாட்டில், மக்கள் அளிக்கும் பதிலை எவ்வளவு நம்பலாம் என்ற ஐயத்தை ஆய்வாளர்கள் எழுப்பியுள்ளனர். இவ்வாணைக்குழுவின் பணிகள் 2021 இல் புதிய அமைச்சகம் ஒன்றின் கீழ் கொண்டுவரப்பட்டன.

ஆயினும் இந்த எண்களை ஒதுக்கிவிட்டாலும் ஒரு செய்தி எஞ்சுகிறது. தந்தையைக் கொன்றவருடன் ஒரே வடிகாலில் நின்று மண் அள்ளுவது மன்னிப்பு ஆகிவிடாது. ஆனால் முகத்தைத் திருப்பிக்கொள்ளாமல் மூன்று மணி நேரம் அருகருகே இருப்பதும், யார் கையில் கத்தி இருந்தாலும் அது புல்லை மட்டுமே வெட்டுகிறது என்பதை மாதந்தோறும் காண்பதும் தப்பியவர்களுக்குச் சிறிய விடயங்கள் அல்ல. உயிர் தப்பியோருள் சிலர் இதனை ஆறுதலாகவும் வேறு சிலர் மாதந்தோறும் திறக்கப்படும் புண்ணாகவும் உணர்கின்றனர். இவ்விரு உணர்வுகளையும் ஒரே விழுக்காட்டில் அடக்குவது கடினம்.

கட்டாயம் என்பது முதன்மையான விமர்சனம். வர மறுப்பவர் தண்டத்தைவிட, ஊருக்கு எதிரானவர் என்ற பெயருக்கே அஞ்சுகிறார் என்பர். வேலைக்குப் பிந்தைய கூட்டத்தில் மேலிருந்து வரும் அறிவிப்புகளே அதிகம், கீழிருந்து எழும் கேள்விகள் குறைவு என்பது இரண்டாவது. வசதி படைத்தோர் வீட்டுப் பணியாளரை அனுப்பிவிட்டுத் தாம் உள்ளேயே இருந்துவிடுகின்றனர் என்பது நகரங்களில் அடிக்கடி கேட்கும் குறை. அவ்வாறாயின் கூடுபவர்கள் ஏழைகள் மட்டுமே. வர்க்க வேற்றுமையை இது கடக்கவில்லை.

தூய்மை என்ற சொல் மனிதர்கள் மீதும் திரும்பியது. கிகாலியின் தெருக்களில் இருந்த சிறுவர்கள், நடைபாதை வணிகர்கள், பாலியல் தொழிலாளர்கள், பிச்சைக்காரர்கள் ஆகியோர் பிடிக்கப்பட்டு, கிகொண்டோவிலுள்ள மையத்தில் விசாரணையின்றி அடைக்கப்பட்டதாக மனித உரிமைகள் கண்காணிப்பகம் 2006, 2015, 2020 ஆகிய ஆண்டுகளில் அறிக்கைகள் வெளியிட்டது. அவை மறுவாழ்வு மையங்கள் என்பது அரசின் மறுப்பு. இது உமுகாண்டாவின் பகுதி அன்று. ஆனால் தூய நகரம் என்ற பெயரைக் காக்கும் அதே முயற்சியிலிருந்து எழுந்தது.

பிற நாடுகளில்

டார்பூர், தென் சூடான், மத்திய ஆப்பிரிக்கக் குடியரசு ஆகிய இடங்களில் அமைதி காக்கும் பணிக்குச் சென்ற ருவாண்டா வீரர்கள் அங்குள்ள மக்களுடன் சேர்ந்து உமுகாண்டா நடத்தியுள்ளனர். அண்டை நாடான புருண்டியிலும் சனிக்கிழமைப் பொதுப்பணி வழக்கத்தில் உள்ளது. கானாவில் வாந்திபேதி பரவிய 2014 ஆம் ஆண்டு நவம்பரில் மாதாந்தரத் தேசியத் தூய்மை நாள் தொடங்கப்பட்டது. சியரா லியோனியில் 2018 இல் குடியரசுத் தலைவர் சூலியஸ் மாடா பியோ மாதத்தின் முதல் சனிக்கிழமையைத் தூய்மை நாளாக மீண்டும் கொண்டுவந்தார்.

எசுத்தோனியாவில் நடந்தது முற்றிலும் வேறு வகை. மே 3, 2008 அன்று ஏறத்தாழ 50,000 பேர் தாமாக முன்வந்து, காடுகளிலும் சாலையோரங்களிலும் கொட்டப்பட்டிருந்த 10,000 தொன் குப்பையை ஒரே நாளில் அகற்றினர். அந்நாட்டின் மக்கள்தொகை அப்போது ஏறத்தாழ 13 இலட்சம். இதிலிருந்து வளர்ந்த உலகத் தூய்மை நாள் முதன்முறையாக 2018 செப்டம்பரில் நடைபெற்றது. 2023 இல் ஐக்கிய நாடுகள் பொதுச்சபை செப்டம்பர் 20 ஆம் நாளை அதற்கென அறிவித்தது.

இலங்கையில் சர்வோதய இயக்கத்தின் சிரமதானம் 1958 ஆம் ஆண்டு தொடங்கியது. கொழும்பு நாலந்தாக் கல்லூரி ஆசிரியரான ஏ. டி. ஆரியரத்ன தம் மாணவர்களை, சாதியால் ஒதுக்கப்பட்டிருந்த கனதொலுவ என்னும் ஊருக்கு அழைத்துச் சென்று அவ்வூராருடன் சேர்ந்து உழைக்கச் செய்தார். அங்கு மாணவர்கள் அவ்வூரிலேயே தங்கினர். வேலையைப் போலவே இத்தங்கலும் அக்காலத்தில் பேசப்பட்டது.

நைசீரியாவின் இலாகோசு நகரில் மாதத்தின் கடைசிச் சனிக்கிழமைக் காலையில் மக்கள் வீட்டைவிட்டு வெளியே செல்லாமல் சுற்றுப்புறத்தைத் தூய்மை செய்ய வேண்டும் என்ற விதி 1980களின் இராணுவ ஆட்சிக் காலத்திலிருந்து நிலவியது. 2015 இல் கூட்டாட்சி உயர் நீதிமன்றம் தூய்மைப்பணிக்காகக் குடிமக்களின் நடமாட்டத்தைத் தடுப்பது சட்டத்துக்குப் புறம்பானது எனத் தீர்ப்பளித்தது. 2016 நவம்பரில் இலாகோசு மாநில அரசு அவ்விதியைக் கைவிட்டது.